பாம்புக்கு வெயில் சமைத்த கதை

உஷ்ண தேசத்துப் பாம்புகளைக் குளிர் தேசத்திற்குக் கொண்டுபோய்க் கூண்டில் வைத்து வளர்க்கத் தலைப்பட்ட காலத்தில், அவற்றின் சுகத்திற்காக மனிதனுக்கு முதலில் தோன்றிய உபாயங்களுள் ஒன்று கம்பளி. லண்டன் மாநகரில் ரீஜண்ட்ஸ் பூங்காவிலுள்ள மிருகக்காட்சிசாலையில், உலகிலேயே முதன்முதலாக ஊர்வனவற்றுக்கென்று ஒரு தனி இல்லம் 1849இல் திறக்கப்பட்டது. அங்கே கூண்டுக்குள் கம்பளி இட்டிருந்தார்கள். இரண்டொரு வருஷங்களுக்குள் போவா இனத்து மலைப்பாம்பு ஒன்று தன் கம்பளியை முழுதாக விழுங்கிவிட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் வயிற்றில் வைத்திருந்து, பிறகு வெளியே கக்கியது. அக்காலத்துப் பத்திரிகைகள் இதை ஒரு விநோதச் செய்தியாகவே கொண்டாடின. அந்தக் கம்பளி கூண்டுக்குள் எதற்காக வந்தது என்று எண்ணிப் பார்த்தால்தான் விஷயத்தின் சாரம் விளங்கும்.

கம்பளி தானாக உஷ்ணத்தைப் பிறப்பிப்பதில்லை; போர்த்துக்கொண்டவன் சரீரத்தில் பிறக்கும் உஷ்ணம் வெளியேறாமல் காப்பதொன்றே அதன் காரியம். உண்ட உணவில் பெரும்பகுதியை எரித்துத் தன் உடற்சூட்டை நிலைநிறுத்திக்கொள்ளும் மனிதனுக்கு அது உற்ற துணை. சூட்டை வெயிலிலிருந்தும் பாறையிலிருந்தும் கடன் வாங்கி வாழும் பாம்பிற்கோ, அடியில் வேறொரு கனல் இல்லாதவரை, அது வெறுந்துணி. உஷ்ணம் போதாத பாம்பிற்கு ஜீரணம் நடவாது. விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். அதைக் கக்கிவிட்டுப் பட்டினி கிடந்து அது மெலியும். வேளை தவறாமல் ஆகாரம் கொடுத்தும் பிராணி இளைக்கிறதே என்று மனம் வருந்திய காவலர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

பாம்பு சூட்டைக் கடன் வாங்கியே வாழும் என்னும் விதிக்கு ஓர் அழகிய விலக்கு உண்டு. வங்காளத்தில் சஞ்சரித்த லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர், பெண் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு சொந்த உடற்சூட்டால் அடைகாக்கிறது என்று தெரிவித்தபோது, பாரிஸ் பண்டிதர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் 1841இல் அதே பாரிஸ் நகரத்துத் தாவரத் தோட்டத்துக் காட்சிசாலையில் ஒரு மலைப்பாம்பு 15 முட்டைகளை இட்டுச் சுருண்டுகொள்ள, வாலென்சியென் என்னும் விஞ்ஞானி வெப்பமானியை வைத்துப் பார்த்து, சுற்றுப்புறத்தைவிட அதன் மடிப்புகளினிடையே உஷ்ணம் மிகுந்திருப்பதைக் கண்டார். இரண்டு மாதத்திற்குச் சற்றுக் குறைந்த காலத்தில் எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன. தசைகளை விட்டு விட்டுச் சுருக்கித் தாய் அந்தச் சூட்டை உண்டாக்குகிறது என்பது 1966இல் நியூயார்க்கில் நடந்த ஆராய்ச்சியில்தான் ஐயமற நிறுவப்பட்டது. அடைகாக்கும் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் உரிய வரம் அது.

மீண்டும் லண்டன் காட்சிசாலைக்கு வருவோம்: அங்கே ஊர்வனவற்றுக்கென 1883இல் எழுந்த இரண்டாவது இல்லத்தில் வெந்நீர்க் குழாய்கள் ஓடின. சீமைச் செல்வர்கள் தங்கள் கண்ணாடி வீடுகளில் அன்னாசியையும் ஆர்க்கிடுகளையும் வளர்க்கக் கையாண்ட முறையே அது. வீட்டில் பாம்பு வளர்ப்போரும் பின்தங்கவில்லை. பேழையை எப்படிச் செய்வது, எப்படிச் சூடேற்றுவது என்று விளக்கி பேட்மன் என்பவர் 1897இல் ஒரு நூலே வெளியிட்டார். எனினும் குழாய் முறையில் ஒரு குறை இருந்தது: கூடம் முழுவதும் ஒரே சூடாகிவிடும், அச்சூடு ஒரு பாம்பிற்குப் போதாமலும் அடுத்த கூண்டிலுள்ளதற்கு மிகையாகவும் இருந்தாலும், விலகிச் செல்ல இரண்டிற்கும் இடமில்லை.

இந்தக் குறையை முற்றிலும் உணர்ந்து ஒரு கட்டடத்தையே அதற்கு விடையாக அமைத்தவர் ஜோன் புரொக்டர் என்னும் பெண்மணி. இளமை முதலே நோயால் வாடியவர். சர்வகலாசாலைப் படிப்பைத் துறக்க நேர்ந்தவர். ஆயினும் பிரிட்டிஷ் மியூசியத்தில் பூலஞ்சர் என்னும் அறிஞரிடம் பயின்று, 1923இல் லண்டன் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கய் டாபர் என்னும் கட்டடக் கலைஞரோடு சேர்ந்து அவர் வகுத்து, 1927இல் திறக்கப்பட்ட மூன்றாவது இல்லத்தில், மின்சாரத்தால் கூண்டின் குறிப்பிட்ட இடங்கள் மட்டும் சூடேறின. மற்ற இடங்கள் தணிந்திருந்தன. சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புறஊதாக் கதிரை உள்ளே விடும் ‘வைட்டா’ கண்ணாடியையும் அவர் பொருத்தச் செய்தார். அக்கதிர் இல்லாமல் பல்லியினத்தின் எலும்புகள் மெலிந்து வளைவதைக் கண்டவர்கள் அதன் அருமையை அறிவார்கள். பார்வையாளர் நிற்கும் இடத்தை இருளாக்கி, பிராணியின் இடத்தை மட்டும் ஒளியூட்டியதும் அவர் செய்ததே. 1931இல், 34ஆம் பிராயத்தில், அவர் காலமானார். பாம்பு வளர்ப்பின் சரித்திரத்தில் அவருக்கு நிகராக இன்னொருவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

புரொக்டர் நடைமுறையில் கண்டதற்குச் சாஸ்திர ஆதாரம் 1944இல் கிடைத்தது. கலிபோர்னியப் பாலைவனத்து ஊர்வனவற்றை ஆராய்ந்த கோல்ஸ், போகர்ட் என்னும் இருவர், அவை வெயிலுக்கும் நிழலுக்குமாக மாறி மாறிச் சென்று தமக்கு உகந்த உஷ்ணத்தைத் தாமே நிதானித்துக்கொள்கின்றன என்றும், அந்த எல்லைக்குமேல் சில டிகிரி ஏறினாலே மாண்டுபோகின்றன என்றும் காட்டினர்.

பிற்காலத்தில் மேல்நாட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்த ‘சூட்டுக்கல்’ இந்த ஞானத்தை மறந்து செய்யப்பட்ட சாதனம். உள்ளே மின்கம்பி பொதிந்த அக்கல், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் விற்கப்பட்டதால், மேற்புறத்தில் ஆங்காங்கே அளவுமீறிக் காய்ந்தது. சுற்றியுள்ள காற்றோ குளிர்ந்தே கிடந்தது. குளிருக்கு அஞ்சி அதன்மேல் படுத்த பாம்பு, வயிற்றுச் செதில்கள் வெந்து கொப்புளிக்கும்வரை நகராமல் கிடந்த அவலம் பல வீடுகளில் நிகழ்ந்தது. இத்தனைக்கும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பிற்குப் பேழையின் ஒரு முனையில் 32 டிகிரி செல்சியஸும் மறுமுனையில் 26 டிகிரியும் போதும். இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டும், இல்லையேல் கூச்சத்தின் பொருட்டுக் குளிரையும் அது சகித்துக்கொண்டு கிடக்கும்.

ஆகையால், சட்டம் அனுமதிக்கும் தேசங்களில் பாம்பிற்கென்று பேழை செய்யத் தச்சனிடம் அளவு சொல்லப் போகிறவர், அழகையும் பூட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். நீளத்தை முதலில் தீர்மானிக்கட்டும். குட்டையான பேழையில் எந்தக் கருவியை வைத்தாலும் குளிர்ந்த மூலை ஒன்று அமையாது.