வேதநாயக சாஸ்திரியாரின் உறுதிப்பாடு

ஜொகூரின் தமிழ்த் திருச்சபைகளில் நாம் இன்றும் கேட்கும் கீர்த்தனைகளுள் சில, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றியவை. திருநெல்வேலியிற் பிறந்த அவர், இளமையிலேயே ஜெர்மானியப் போதகர் சுவார்ட்சுடன் தஞ்சை சென்றார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் அப்போதகரிடம் கற்றவரே. அம்மன்னர் சிவபெருமான்மீது பாடுமாறு வேண்டியபோது சாஸ்திரியார் மறுத்தார் என்பது திருச்சபை மரபுவழிச் செய்தி. ஆயினும் தமிழ் மரபை அவர் துறந்தாரல்லர். கோயில் இறைவர்க்கும் குறுநிலத் தலைவர்க்கும் உரியதாயிருந்த குறவஞ்சி வடிவிலேயே 1800இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைக் கிறிஸ்துவுக்கு ஆக்கினார்.

அவருக்குப் பெருஞ்சோதனை அரண்மனையிலிருந்தன்று, திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. 1820களில் புதிய போதகர்கள் பபிரிசியுசின் வேதமொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டனர். வழிபாட்டில் தமிழிசையை விலக்கவும் முனைந்தனர். தலைமுறையாக மன்றாட்டில் ஊறிய சொற்களை மாற்றுதல் விசுவாசத்தையே அசைப்பதாகும் என அவர் எதிர்த்தெழுதினார். மொழியியலார் என்ற முறையில் இவ்விடத்தில் நாம் அவர் பக்கமே. வழிபாட்டுச் சொல் அகராதிப் பொருளால் மட்டும் உயிர்வாழ்வதில்லை.

ஆனால் அதே எழுத்தில், சாதியாரெல்லாரும் வேறுபாடின்றி ஒருங்கமர வேண்டுமென்ற போதகர் கட்டளையையும் கொடுமையென்றே அவர் குறித்தார். இதனை மறைத்து அவரைப் புகழ்வோர் உளர். மாணவர்க்கு நாம் அவ்வாறு கற்பித்தலாகாது. அவ்விடயத்தில் போதகர்களே சுவிசேஷத்துக்கு அணுக்கமாய் நின்றனர்.

வேத மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, தமிழ் லுத்தரன் சபையார் பபிரிசியுசின் சொற்களை நெடுங்காலம் கைவிடவில்லை.