பட்டாவும் படுக்கையும்: ஓசூர் எல்லையில் குடியேற்றத்தின் மூன்று காலங்கள்

ஓசூரில் வெளியூர்க்காரர் யார் என்பது, எந்த நூற்றாண்டிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்கு நகர்ந்தது. அந்த நூற்றாண்டின் இறுதிவாக்கில், ஓசூரை அடுத்த கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகால் ஜெகதேவராயர் கைக்கு வந்தது. தெலுங்கும் கன்னடமும் பேசிய உழவர், வணிகர், படைவீரர் இப்பகுதியில் குடியமர்ந்தனர். பின்னர் மைசூர் ஆட்சி. இன்றும் தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பக்கம் வீட்டில் ஒரு மொழி, சந்தையில் மூன்று மொழி என்பது சாதாரணம். 2024 ஜூனில் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர் கே. கோபிநாத் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றது மற்ற ஊர்களில்தான் செய்தி.

வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆனதற்கு மொழி விஷயத்தில் இருந்த தாராளம் ஒரு காரணம்தான். நிலமே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, இடையில் ஆளில்லாமல் உழவரிடமே வரி வாங்கும் இரயத்துவாரி முறையை இங்கே சோதித்துப் பார்த்தனர். மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-க்குப் பின் ஓசூரும் கம்பெனியிடம் வந்தது. வரிச்சுமை தனிக்கதை. ஆனால் பயிரிடுபவன் பெயர் கணக்கில் ஏறியது; அவன் பாட்டன் எங்கிருந்து வந்தான் என்று கணக்கு கேட்கவில்லை. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. பட்டா வைத்திருந்த தெலுங்கர் மூட்டை கட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஆட்களை அழைத்தது மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட். 1970-களில் தொழிற்பேட்டைக்கு இவ்விடம் தேர்வானதன் சூட்சுமம் எளிது: பின்தங்கிய பகுதிக்கான சலுகைகள், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட். டைட்டனிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கி, ஜெர்க்சஸ் தேசாய் நடத்திய நிறுவனம் அது. கடிகார நுட்பம் அறிந்தவர்கள் பெங்களூர் எச்.எம்.டி.யிலிருந்து வந்தார்கள். கைவேலைக்கு எடுத்ததோ தமிழகக் கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை. அவர்களில் பெண்களும் உண்டு. நிரந்தர வேலை, பி.எஃப்., அதைக் காட்டி வீட்டுக்கடன் என்பதுதான் இத்தலைமுறை ஏறிய படிக்கட்டு. இவர்கள் வாங்கிய மனைகளும் சேர்ந்துதான் 2019-இல் ஓசூரை மாநகராட்சி ஆக்கின. முந்தையோருக்கு விளைநிலப் பட்டா என்றால் இவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா.

மூன்றாம் காலத்தில் இந்தத் தொடர் அறுகிறது. இன்று சிப்காட் பட்டறைகளிலும் கட்டுமான இடங்களிலும் கேட்பது இந்தி, ஒடியா, வங்காளம். உத்தனப்பள்ளி அருகே டாடா எலக்ட்ரானிக்ஸின் கைபேசி உதிரிபாக ஆலைக்கு ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து பழங்குடிப் பெண்கள் வருவதை 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பெருமையோடு அறிவித்தார். உழைப்பில் இவர்கள் முன்னவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் வெளிமாநிலத்தாரில் பலருக்குக் கிடைப்பது ஒப்பந்த வேலையும் விடுதியில் ஒரு படுக்கையும்தான். 1979-இன் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம்கூட ஒப்பந்ததாரரிடம் கேட்டது பயணப்படி, இடப்பெயர்ச்சிப் படி, தங்குமிடம். திரும்பிப் போகிறவருக்கான சட்டம் அது. தங்கிவிடுகிறவரை அது நினைக்கவேயில்லை.

அமெரிக்காவின் லோவெல் நெசவாலை நகரம் இங்கே ஒப்பிடத்தக்கது. 1820-களில் அங்கே வேலைக்கு வந்தவர்கள் அண்டைப் பண்ணைக் குடும்பத்துப் பெண்கள். ஆலை விடுதியில் மேற்பார்வையோடு வாசம். 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்தும், 1836-இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்தும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில ஆண்டு உழைத்தபின் பலர் ஊர் திரும்பினர். அவர்கள் இடத்துக்கு, குறிப்பாக 1840-களின் பஞ்சத்துக்குப் பின், அயர்லாந்துக்காரர்கள் வந்தனர். வேற்று நாட்டார், கத்தோலிக்கர், ஏளனத்துக்கு ஆளானவர்கள். ஆனால் ‘ஏக்கர்’ என்ற சேரியில் குடும்பத்தோடு குடியிருந்தனர். 1831-லேயே அங்கே தேவாலயம் எழுப்பியிருந்தனர். விடுதியில் இருந்த உள்நாட்டுப் பெண்கள் போய்விட, சேரியில் வாழ்ந்த அயலாரே லோவெல்காரர்கள் ஆனார்கள். இங்கும் தடை குடியிருப்புதான். ஓசூருக்கும் இந்திக்காரர்களுக்கும் இடையே நிற்பது மொழி என்று சொல்பவர்கள், நானூறு ஆண்டுத் தெலுங்கையும் கன்னடத்தையும் மறந்துவிடுகிறார்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் அரசு ஒன்றும் செய்யாமலில்லை. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் சேர்ந்தது. ஹசாரிபாக்கிலிருந்து வந்த பெண் விரல் வைத்து ஓசூர்க் கடையில் அரிசி வாங்கலாம். அட்டையில் முகவரி ஹசாரிபாக்தான்.