ஒன்பது வாத்தியங்களும் ஓர் ஆசிரியையின் வேதனமும்

பாரிஸ் மாநகரிலே பஸ்தீல் சதுக்கத்தின் நடுவில் உயர்ந்ததொரு தூண் நிற்கின்றது. அதன் உச்சியில், பொன்முலாம் பூசப்பெற்ற சிறகுடைய உருவமொன்று சுதந்திரத்தின் சின்னமாய் விளங்குகின்றது. அதனை ஆக்கிய சிற்பி ஒகுஸ்த் டியூமோன் என்பார். அண்ணனின் கைவேலையை அந்நகரத்தார் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கின்றனர். அவர்தம் தங்கை லூயிஸ் பராங்க் இயற்றிய மூன்று சிம்பொனிகளோ அவர் வாழ்நாளில் அச்சேறவேயில்லை.

1804ஆம் ஆண்டு பிறந்த லூயிஸ் இளமையிலேயே பியானோ வாசிப்பில் வல்லவரானார். பதினைந்தாம் வயதில் அந்தோன் ரைக்கா என்னும் பேராசானிடம் இசையாக்கம் பயிலத் தொடங்கினார். ரைக்கா பாரிஸ் சங்கீதக் கல்லூரியின் ஆசிரியரே. எனினும் அக்கல்லூரியின் இசையாக்க வகுப்பிலே அந்நாளிற் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே லூயிஸ் தனிப்படவே பாடங் கேட்டார். 1821இல் அவரை மணந்த அரிஸ்தீட் பராங்க் புல்லாங்குழற் கலைஞர், இசைநூற் பதிப்பாளருமாவார். மனைவியின் பியானோ ஆக்கங்கள் பலவற்றை அவரே அச்சிட்டார். அத்தகைய கணவர் வாய்த்தது பெரும் பேறென்றே சொல்லவேண்டும். 1836இல் ஜேர்மனியிலே ரொபேர்ட் சூமான், லூயிஸின் ஆக்கமொன்றைத் தம் இசைப் பத்திரிகையிற் பாராட்டி எழுதினார்.

அக்காலத்துப் பாரிஸ் இசைநாடகத்திலே மயங்கிக் கிடந்தது. சொல்லும் வேடமும் காட்சியுமின்றி, வாத்தியங்கள் மட்டுமே பேசும் இசைக்கு அங்கே ஆதரவு குறைவு. லூயிஸ் இசைநாடகம் ஒன்றேனும் எழுதினாரல்லர். அவர் மறக்கப்பட்டமைக்குப் பெண்ணாய்ப் பிறந்தது ஒரு காரணமாயின், இது மற்றொன்று. ஆயினும் 1849இல் அவருடைய மூன்றாவது சிம்பொனியைச் சங்கீதக் கல்லூரிக் கச்சேரிச் சங்கத்தார் அரங்கேற்றினர். உயிரோடிருந்த ஒருவரின் புதிய சிம்பொனிக்கு அம்மேடை எளிதிற் கிட்டுவதன்று.

அதற்குள் அவர் அக்கல்லூரியிலேயே பியானோப் பேராசிரியையாகிவிட்டார். 1842இல் நியமனம் பெற்ற அவரிடம் மாணவியர் மட்டுமே ஒப்படைக்கப்பட்டனர். வேதனமும் ஆண் பேராசிரியர்களினதைவிடக் குறைவு. பாடமோ ஒன்றே, உழைப்பும் ஒன்றே. அவர் மகள் விக்டோரின் 1844இல் அக்கல்லூரியிலேயே பியானோவுக்கான முதற்பரிசினைப் பெற்றாள். அவர் எழுதிய பயிற்சி நூலும் அங்கே பாடமாயிற்று. ஆயினும் வேதனப் பதிவேடு அசையவில்லை.

1850இல் அவருடைய ஒன்பது வாத்திய இசையாக்கம் அரங்கேறியது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹோர்ன், பசூன் என ஊதுவன ஐந்து. வயலின், வியோலா, செலோ, டபிள்பேஸ் என நரம்புக் கருவிகள் நான்கு. பெரிய வாத்தியக் குழுவின் செழுமையை ஒன்பது பேரிடமே வருவிப்பது அருந்திறன். வயலின் வாசித்தவர், பின்னர் உலகப் புகழ் எய்திய யோசப் யோவாகிம். அப்பொழுது பதினெட்டு வயதினர். சபை மகிழ்ந்தது.

அவ்வாண்டிலேயே லூயிஸ் கல்லூரித் தலைவர் ஓபேருக்குக் கடிதமெழுதினார். ஆண் பேராசிரியர்க்கு உரிய வேதனத்தையே தமக்கும் வேண்டினார். பணம் ஒருபுறமிருக்க, குறைந்த வேதனத்தைக் காண்போர் தாம் கடமையிலே குறைவைத்ததாக எண்ணக்கூடுமே என்பது அவர் வாதம். இரந்து கேட்டதன்று, ஒரு நல்லாசிரியையின் மானம் கேட்டது. வேதனம் சமமாக்கப்பட்டது.

1859இல் மகள் விக்டோரின் மறைந்தாள். அதன்பின் தாயின் இசையாக்கம் ஏறக்குறைய ஓய்ந்தது. கணவரும் அவருமாக, பழைய பியானோ முன்னோடிக் கருவிகளின் இசையைத் தேடித் திரட்டும் பெரும் பணியில் இறங்கினர். 1865இல் கணவரும் இறந்தார். லூயிஸ் தளராது தனித்து நின்று, மொத்தம் 23 தொகுதிகளாக அப்பணியை முடித்தார். மறந்துபோன பிறர் இசையை அச்சேற்றியவர், தம் சிம்பொனிகளைக் கையெழுத்திலேயே விட்டு 1875இல் கண்மூடினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவை உறங்கிக் கிடந்தன. பின்னரே ஒலிப்பதிவாகி, கச்சேரி மண்டபங்களில் மீண்டும் கேட்கலாயின.