மார்பக அடர்த்தியும் மரபணுவும்: திருச்சிராப்பள்ளிக் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படத்தில் கொழுப்புத் திசு கருமையாகவும், பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் வெண்மையாகவும் தெரிகின்றன; மொத்தப் பரப்பில் இவ்வெண்பகுதி பெறும் பங்கே மார்பக அடர்த்தி. கையால் தொட்டு இதனை அறிய இயலாது. புற்றுக்கட்டியும் படத்தில் வெண்மையாகவே தோன்றுவதால் அடர்ந்த திசு அதனை மறைத்துவிடுகிறது. அதற்கும் மேலாக, அடர்த்தி 75 விழுக்காட்டைத் தாண்டிய பெண்களுக்கு, அடர்த்தி மிகக் குறைந்தவர்களைவிட மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு முதல் ஆறு மடங்கு வரை கூடுகிறது.

இவ்வடர்த்தி பெரும்பாலும் மரபுவழியே வருவது என்பதை 2002இல் ஆய்வாளர் நார்மன் பாய்டு குழுவினர் ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் 951 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து நிறுவினர். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரின் அடர்த்தி, இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்தோருடையதைவிட மிக நெருங்கி ஒத்திருந்தது; வயது, உடல் எடை, மகப்பேறு ஆகியவற்றின் விளைவுகளைக் கழித்த பின்னும், பெண்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 63 விழுக்காடு மரபணுக்களால் நேர்வது எனக் கணக்கிடப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் இசட்.என்.எஃப்.365, ஈ.எஸ்.ஆர்.1, எல்.எஸ்.பி.1 போன்ற மரபணுப் பகுதிகள் அடர்த்தியோடும் புற்றுநோயோடும் ஒருங்கே தொடர்புடையவை எனக் காட்டின.

எனினும், ஒவ்வொன்றும் சிறிதளவே வாய்ப்பைக் கூட்டும் இப்பகுதிகளையும், ஒன்றே பெரும் விளைவைத் தரும் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களின் பிழைகளையும் ஒன்றாகக் கருதலாகாது. பின்னவற்றில் பிழையுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் எழுவருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. அவர்களது படம் அடர்ந்திருந்தே தீரும் என்பதில்லை. எனவே அடர்த்தி குறைவு என்னும் படக்குறிப்பைக் கண்டு குடும்ப வரலாற்றைப் புறந்தள்ளுவது ஆபத்தானது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும் ஸ்ரீரங்கத்திலும் லால்குடி, மண்ணச்சநல்லூர் ஊர்களிலும், உறவுக்குள் மணம் செய்யும் வழக்கத்தால், இக்குடும்ப வரலாற்றுக்குத் தனி அமைப்பு உண்டு. அத்தை மகனை மணந்த பெண்ணுக்குப் பிறக்கும் மகளுக்குத் தாயின் தந்தையும் தந்தையின் தாயும் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவதால், ஒரே முன்னோரின் பிழை இருவழியாலும் அவளை அடையக்கூடும். பி.ஆர்.சி.ஏ. பிழையின் ஒரு படி போதும், அதுவும் தந்தை வழியாகவும் வரும் என்பதால், அம்மாயியின் நோயைக் கேட்டுவிட்டு அப்பாயியையும் அத்தையையும் விட்டுவிடும் விசாரணை பாதி விசாரணையே. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் செய்த தெற்காசியக் குழுக்கள் பலவற்றில், சில முன்னோரிடமிருந்தே பலர் கிளைத்த நிலை, தம்முள்ளேயே மணந்துவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் உள்ளதைவிட வலுவாக இருப்பதாக 2017இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது. அந்த யூதர்களிடம் பரவலாக அறியப்பட்ட 185டெல்ஏஜி என்னும் பி.ஆர்.சி.ஏ.1 பிழையைச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்து ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டனர். பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் தரவுகளால் அமைந்த, சிறு விளைவுப் பகுதிகள் பலவற்றைக் கூட்டி நோய் வாய்ப்பைக் கணிக்கும் மரபணு மதிப்பெண்களை இக்குடும்பங்களுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது என்பதற்கு இவை வலுவான காரணங்கள்.

மேமோகிராம் கருவியே அரிதான இடங்களில் அடர்த்தியைப் பற்றிப் பேசுவது வீண் என்னும் மறுப்பு எழலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடம் நடத்தி 2021இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் செய்த சோதனை, 50 வயதைக் கடந்தோரின் மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. ஆனால் இந்நோய் இந்தியப் பெண்களுக்கு மேலைநாட்டாரைவிட ஏறக்குறைய 10 ஆண்டு முன்னதாகவே கண்டறியப்படுகிறது. அவ்விளம் வயதிலேயே அடர்த்தி மிகுந்திருக்கும். ஆகவே யாருக்கு மேமோகிராமும், அதனோடு அல்ட்ராசவுண்டும், சிலருக்கு மரபணுச் சோதனையும் வேண்டும் எனத் தெரிவு செய்யும் முறை, கருவி அரிதான இடத்துக்குத்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளது அடர்த்தியை எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். திருச்சிராப்பள்ளியில் மேமோகிராம் எடுக்கும் நிலையங்களும் அடர்த்தி வகையைத் தமிழில் விளக்கி எழுதித் தரவேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் நோயுற்றோரைக் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை; இன்றே தொடங்கலாம்.