கூட்டெருச் சாறும் அதன் நுண்ணங்கித் தரமும்: ஒரு வரலாற்று நோக்கு

உழவைக் காட்டிலும் பசளையிடுதலை மேலானதாக வள்ளுவர் மதித்தார். ஆயின் இடப்படும் பசளை நல்லதா தீயதா என்பதை எவ்வாறு அறிவது என்ற வினாவுக்கு உழவர் உலகம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளது. கூட்டெருவை நீரில் ஊறவைத்துப் பெறப்படும் சாறு, அதாவது இன்று 'கூட்டெருத் தேநீர்' எனவும் வழங்கப்படும் திரவப் பசளை, அவ்விடைகளின் வரலாற்றை அறிய ஏற்றதொரு சான்றாகும்.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த புதுக்குடியிருப்பு, நெல்லும் கச்சானும் மேட்டுநிலப் பயிர்களும் விளையும் ஊர். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மாட்டெருவும் பட்டி அடைத்தலும் குழை தாழ்த்தலும் நெடுங்கால வழக்குகள். சாணத்தையும் குழையையும் ஊறவைக்கும் உழவர் அதன் மணம், நிறம், நுரை ஆகியவற்றைக் கொண்டே பதம் அறிவர். இத்தகைய திரவப் பசளை பழமையானது என்பதற்கு நூற்சான்றும் உண்டு. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்' என்னும் வடமொழி நூல், ஊனும் கொழுப்பும் பிறவும் நீரிலிட்டு நொதிக்கவைத்த 'குணபசலம்' பற்றிக் கூறுகின்றது. ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் இருந்த அதன் ஏட்டுப்பிரதியை அடிப்படையாகக் கொண்ட ஆங்கில மொழிபெயர்ப்பு 1996 இல் வெளிவந்தது. அந்நொதிப்பின் காரணர் நுண்ணங்கிகள் என்பது சுரபாலர் காலத்தில் எவருக்கும் தெரியாது. பயனே அக்காலத்தின் அளவுகோலாக இருந்தது.

அவ்வளவுகோல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாறத் தொடங்கியது. 1881 இல் ரொபேட் கொக் திண்ம ஊடகத்தில் பற்றீரியாக்களைத் தனித்தனியே வளர்க்கும் முறையை வெளியிட்டார். மாதிரியைப் படிப்படியாக நீரால் ஐதாக்கி, ஊடகத்தின்மீது பரப்பி, தோன்றும் குடித்தொகுதிகளை எண்ணும் முறை இதிலிருந்து வளர்ந்தது. கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் இவ்வாறு எண்ணிக்கைக்குள் வந்தன. அல்பேட் ஹோவாட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் நடத்திய ஆய்வுகள், கூட்டெருவாக்கத்தை ஈரமும் காற்றும் வெப்பமும் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு முறையாக வகுத்தன. இந்தூர் முறையில் குவியலைப் புரட்டுவது நுண்ணங்கிகளுக்கு ஒட்சிசன் அளிப்பதற்காகவே.

எனினும் எண்ணிக்கை முறைக்கு இரு குறைகள் உண்டு. மண்ணில் வாழும் நுண்ணங்கிகளிற் பெரும்பாலானவை ஆய்வுகூட ஊடகத்தில் வளர்வதில்லை. சில நூற்றுக்கு ஒன்றளவே எண்ணப்படுகின்றன எனக் கருதப்படுகின்றது. அன்றியும், வளர்ந்த குடித்தொகுதிகளின் மொத்தம் அவற்றுள் நன்மை செய்வன எவை, தீமை செய்வன எவை என்பதை உணர்த்தாது. ஐக்கிய அமெரிக்காவில் எலைன் இங்கம் போன்றோர் காற்றூட்டிய கூட்டெருச் சாற்றைப் பரப்பியபோது, நுண்ணங்கிகள் எவ்வளவு மிகுகின்றனவோ அவ்வளவு நன்று என்ற எண்ணம் வலுப்பெற்றது. அவற்றைப் பெருக்குவதற்குக் கரும்புப்பாகு முதலியன சேர்க்கப்பட்டன. ஆயின் அதே உணவு ஈ. கோலி, சல்மொனெல்லா ஆகிய நோய்க்கிருமிகளையும் பெருக்கவல்லது என்பதை 2004, 2007 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. அந்நாட்டுத் தேசிய சேதனத் தராதரச் சபையின் செயலணி 2004 இல் விதந்துரைத்த எல்லை வருமாறு: உணவுப்பயிர்களுக்குக் கட்டுப்பாடின்றித் தெளிக்கப்படும், ஊட்டம் சேர்த்த சாற்றின் 100 மில்லிலீற்றரில் ஈ. கோலி 126 க்கும் எந்தரோகொக்கசு 33 க்கும் மேற்படலாகாது. மிகுதி என்பதிலிருந்து தூய்மை என்பதற்கு அளவுகோல் இவ்வாறு நகர்ந்தது.

இத்தகைய நுண்ணங்கிப் பரிசோதனை ஆய்வுகூடத்தைத் தாண்டி அரசியலாகவும் ஆகும் என்பதை இலங்கை 2021 இல் கண்டது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதற்கு ஈடாகச் சீனாவின் சிங்டாவோ சீவின் நிறுவனத்திடமிருந்து சேதனப் பசளை பெற ஒப்பந்தமானது. அனுப்பப்பட்ட மாதிரிகளில் எர்வினியா என்னும் பற்றீரியா காணப்பட்டதாகத் தேசிய தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவை அறிவித்தது. நிறுவனம் அம்முடிவை மறுத்தது. எர்வினியா இனத்துள் பயிர்களை அழுகச் செய்வனவும் தீங்கற்றனவும் உள. ஆதலின் பேரினப் பெயர் ஒன்றே வழக்கைத் தீர்க்கப் போதுமானதன்று. 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பலிலிருந்த 20,000 தொன் சரக்கு இலங்கையில் இறக்கப்படாமலே போயிற்று. எனினும் 2022 சனவரியில் மக்கள் வங்கி ஏறத்தாழ 70 இலட்சம் டொலரைச் செலுத்தியது. தடை நவம்பரிலேயே நீக்கப்பட்டதாயினும் காலபோகம் தொடங்கிவிட்டிருந்தது; அப்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முன்னைய ஆண்டிலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது.

இதன் பாரம் புதுக்குடியிருப்பு போன்ற ஊர்களையே மிகுதியாக அழுத்துவதாகும். 2009 இல் முற்றாக இடம்பெயர்ந்து, பின்னர் படிப்படியாக மீண்டு வந்து நிலத்தைத் திருத்திய உழவனுக்கு ஒரு போகத்தின் இழப்பு கடனாகவே மிஞ்சும். யூரியாவுக்கு மாற்றாகத் திரவப் பசளையைக் காய்ச்சும்படி அவனுக்குக் கூறுவது எளிது. அத்திரவத்தைச் சோதித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்பதே அரிது. சீனாவிலிருந்து வரவிருந்த பசளைக்கு ஆய்வுகூடம் இருந்தது. கொல்லைப்புறப் பீப்பாவுக்கு அது எட்டாதது.

எட்டாதவிடத்து வரலாறு சில வழிகளைக் காட்டுகின்றது. குவியலின் வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் நாட்கணக்கில் நிலைக்குமாறு புரட்டிய, முதிர்ந்த கூட்டெருவையே ஊறவைத்தல் வேண்டும். பச்சைச் சாணத்தைத் தவிர்த்து, தூய கிணற்று நீரைப் பயன்படுத்தி, பாகு சேர்க்காது விடுதல் நன்று. வல்லாரை முதலாகப் பச்சையாக உண்ணும் இலைகளிற் தெளியாது வேரடியில் ஊற்றுதல் காப்பாகும். அழுகல் நாற்றம் ஒட்சிசன் குன்றியதை உணர்த்துமாதலால் முன்னோரின் மூக்கும் முற்றிலும் பொய்யன்று; ஆயின் மணமற்ற சாற்றிலும் நோய்க்கிருமி வாழும்.

ஆகவே கூட்டெருச் சாற்றின் தரம் அதில் எத்தனை உயிர்கள் உள என்பதனால் மட்டும் அமைவதன்று. எவ்வுயிர்கள், எதிலிருந்து வந்தவை, எப்பயிருக்கு இடப்படுபவை என்னும் மூன்று வினாக்களும் சேர்ந்தே அதனை நிர்ணயிக்கின்றன. அவ்வினாக்களை உழவன் தனித்து நின்று விடுவிக்க இயலாது. கமநல சேவை நிலையங்களின் மட்டத்திலேனும் எளிய நுண்ணங்கிப் பரிசோதனை கிட்டும்போதுதான் சேதன வேளாண்மை என்பது கட்டளையாக அன்றி உழவன் தானே தெரிந்தெடுக்கும் வழியாக அமையும்.