ஸ்டாக்ஹோம் முதல் பாகு வரை: இந்தியாவின் சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தைகள்

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு, விருந்தளித்த சுவீடனின் பிரதமர் ஓலோஃப் பால்மேயைத் தவிர, நேரில் வந்திருந்த ஒரே பிரதமர் இந்திரா காந்தி. வறுமையும் இல்லாமையும்தானே மிகப் பெரிய மாசு என்று அவர் அங்கே எழுப்பிய கேள்வி, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு இந்தியத் தரப்பின் அடித்தளமாயிற்று. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு முட்டுக்கட்டையாக மட்டுமே அந்தப் பேச்சைப் படிப்பது நியாயமல்ல. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1976இல் சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்றும் குடிமக்களின் கடமை என்றும் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.

முதல் கடுமையான பேரம் ஓசோன் படலத்தைப் பற்றியது. ஃபிரிட்ஜ், ஏ.சி., ஸ்பிரே டப்பா, மெத்தை நுரை எல்லாவற்றிலும் அப்போது அந்தப் படலத்தைச் சிதைக்கும் குளோரோ ஃபுளூரோ கார்பன் இருந்தது. அதைக் குறைக்க 1987இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் உருவானபோது இந்தியாவும் சீனாவும் கையெழுத்திடவில்லை. இந்திய வீடுகளுக்குள் ஃபிரிட்ஜ் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. மாற்று வாயுவைச் செய்யும் தொழில்நுட்பமோ மேலை நாடுகளின் சில நிறுவனங்களிடம் இருந்தது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் உண்டு, ஆனால் ஆலையை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதற்குப் பதில் இல்லை.

அந்தப் பதில் 1990 ஜூனில் லண்டனில் கிடைத்தது. சுற்றுச்சூழல் அமைச்சராகச் சென்ற மேனகா காந்தி, படலத்தைச் சிதைத்தவர்களே செலவையும் ஏற்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். வளரும் நாடுகளுக்கென ஒரு பன்னாட்டு நிதியம் பிறந்தது: மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் மேலும் 8 கோடி. 1992இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. குளோரோ ஃபுளூரோ கார்பன் தயாரித்த இந்திய ஆலைகளில் ஒன்று மேட்டூரில் இருந்தது. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த 1999இல் இந்தியாவுக்கு 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2008இல் உற்பத்தி நின்றது. மறுப்போடு நின்றுவிடாமல், சேர்வதற்கு என்ன வேண்டும் என்பதைக் கணக்கோடு சொன்னதால் கிடைத்த வெற்றி இது. இந்தியாவின் பிற்காலப் பேரங்களை இதோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும்.

பருவநிலை விவகாரத்தில் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அரசுக்கு வெளியே இருந்தார்கள். உலகை அதிகம் சூடாக்கும் ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று என அமெரிக்க ஆய்வு நிறுவனமொன்று அறிக்கை வெளியிட்டது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் அதற்கு மறுப்பு எழுதினார்கள். நெல் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் எழும் மீத்தேனையும், பணக்கார நாட்டுக் கார்கள் விடும் புகையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, தலைக்கு எவ்வளவு என்றே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1992இல் ரியோவில் கையெழுத்தான பருவநிலை உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற கொள்கையை ஏற்றது. 1997இன் கியோட்டோ ஒப்பந்தம் வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே குறைப்பு இலக்கு விதித்தது.

அதன்பின் பல ஆண்டுகள் இந்தியா அசையவில்லை. 2002இல் டெல்லியிலேயே பருவநிலை மாநாடு நடந்தபோதும் புதிய கடமை எதையும் ஏற்க முடியாது என்றே வாஜ்பாய் அரசு சொன்னது. 2009இல்தான் நிலை மாறியது. உள்நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் கரியின் அளவை, 2005ஐ ஒப்பிட 2020க்குள் 20 முதல் 25 சதவீதம் குறைப்போம் என்று சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அறிவித்தார்.

2011இல் டர்பனில் நடந்த பருவநிலை மாநாடு வெள்ளிக்கிழமை முடிந்திருக்க வேண்டும். எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் புதிய ஒப்பந்தம் பற்றிய பேரம் அதை ஞாயிறு விடியும்வரை இழுத்தது. இந்திய அமைச்சர், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் பேத்தி ஜெயந்தி நடராஜன். ஏழை நாட்டின் உரிமையை எழுதாத தாளில் எப்படிக் கையெழுத்திடுவது என்பது அவருடைய வாதம். மாநாட்டின் தலைவர் கூட்டத்தைச் சற்று நிறுத்தி, நீங்களே பேசி முடியுங்கள் என்றார். அரங்கின் நடுவில் ஜெயந்தியும் ஐரோப்பியத் தரப்பின் கோனி ஹெடெகாரும் நின்றபடியே பேச, மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லா நாடுகளுக்கும் பொருந்தும், சட்ட வலிமையுள்ள முடிவு என்ற சமரசம் அங்கே பிறந்தது. ஆனால் சமத்துவம் என்ற சொல் அந்தத் தீர்மானத்தில் இடம்பெறவில்லை. இந்தியா அதிகம் இழந்த இரவு அது.

2015இல் பாரிஸில் பிரான்சோடு சேர்ந்து பன்னாட்டு சூரியசக்திக் கூட்டணியை இந்தியா தொடங்கியது. 2021இல் கிளாஸ்கோவில், 2070க்குள் நிகரக் கரி வெளியேற்றத்தைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று மோடி அறிவித்தார். நிலக்கரியை ஒழிப்பது என்றிருந்த வாசகத்தைப் படிப்படியாகக் குறைப்பது என்று கடைசி நேரத்தில் மாற்ற வைத்ததும் இந்தியாதான். 2024 நவம்பரில் பாகுவில் நடந்த பருவநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் பருவநிலை நிதி என்ற முடிவை மாநாட்டின் தலைவர் சுத்தியல் தட்டி அறிவித்தார். அந்த நாடுகள் கேட்டிருந்தது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். அறிவிப்புக்குப் பின் எழுந்த இந்தியப் பிரதிநிதி, இதை ஏற்க முடியாது என்று பதிவுசெய்தார். முடிவு மாறவில்லை.