செயற்கை மூட்டுக்களில் கிருமித்தொற்று

தேய்ந்துபோன முழங்கால் மூட்டையோ இடுப்பு மூட்டையோ அகற்றிவிட்டு உலோகத்தாலும் பொலித்தீனாலுமான மூட்டைப் பொருத்துவது இன்று உலகெங்கும் சாதாரணமாக நடைபெறும் சத்திரசிகிச்சையாகிவிட்டது. வருடக்கணக்கில் வேதனையுடன் முடங்கிக் கிடந்த முதியவர்கள் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் மீண்டும் நடந்து செல்வதைக் காண்கின்றோம். எனினும், இவர்களுள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு அந்தப் புதிய மூட்டிலேயே பற்றீரியாத் தொற்று ஏற்படுகின்றது. எண்ணிக்கை சிறிதுதான், அகப்பட்டுக்கொண்டவர் படும் துன்பம் சிறிதன்று.

உயிருள்ள இழையத்தில் புகும் கிருமியைக் குருதியிலுள்ள வெண்கலங்கள் எதிர்த்து நிற்கும். உலோகத்துக்குக் குருதியோட்டம் இல்லை. அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் பற்றீரியாக்கள், தம்மைச் சுற்றிப் பசை போன்றதொரு படலத்தை உருவாக்கி அதற்குள் மறைந்து வாழத் தொடங்குகின்றன. சாதாரண அளவிலான நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இப்படலத்தினுள் இருப்பவற்றை அழிக்கப் போதாது. மருந்து உட்கொள்ளும்வரை காய்ச்சலும் வீக்கமும் தணிவதும், நிறுத்தியதும் திரும்ப வருவதும் இதனாலேயே. எமது தோலில் தீங்கின்றி வாழும் ஸ்டெபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் கூட இங்கே கொடிய பகைவனாக மாறிவிடுகின்றது.

இவ்வாபத்தை முதலில் முழுமையாக எதிர்கொண்டவர், நவீன இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் ஜோன் சார்ன்லி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் 1960களில் பணியாற்றிய அவர், சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்றையே சந்தேகித்தார். வடிகட்டிய காற்று பாயும் தனிக் கூடாரம், வைத்தியர்களின் உடலை முழுதாக மூடும் ஆடை என்பவற்றை ஏற்படுத்தினார். ஏறத்தாழ 7 வீதமாயிருந்த தொற்று 1 வீதத்துக்கும் கீழே இறங்கியதை 1972இல் அறிவித்தார். மருந்தை நம்புவதற்கு முன் தூய்மையை நம்பிய அந்த மனிதரின் பிடிவாதம் இன்றும் வியப்பூட்டுகின்றது.

தொற்று ஏற்பட்டபின் செய்யக்கூடியது என்ன? அது காலத்தைப் பொறுத்தது. சத்திரசிகிச்சை நடந்து ஒரு மாதத்துக்குள், அல்லது அறிகுறி தோன்றி மூன்று வாரங்களுக்குள் பிடிபட்டால் மூட்டைக் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. மூட்டைத் திறந்து, கெட்டுப்போன இழையங்களை வெட்டியகற்றி, நன்கு கழுவி, பொலித்தீன் பகுதியை மட்டும் மாற்றிவிடுவர். காலம் கடந்துவிட்டால் படலம் முதிர்ந்துவிடும். அப்போது பொருத்திய மூட்டை முழுமையாகக் கழற்றுவதே பெரும்பாலும் வழியாகும்.

கழற்றிய அன்றே புதியதைப் பொருத்துவதா, சில வாரங்கள் பொறுத்திருந்து பொருத்துவதா என்ற விவாதம் நீண்டகாலமாக நடைபெறுகின்றது. ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் ஹான்ஸ் புக்ஹோல்ஸ், ஜென்டமைசின் மருந்தை என்புச் சீமெந்தில் கலந்து, ஒரே சத்திரசிகிச்சையில் மாற்றும் முறையை வளர்த்தெடுத்தார். அமெரிக்காவில் இரு கட்ட முறையே வேரூன்றியது. முதலில் அகற்றி, மருந்து கலந்த சீமெந்துக் கட்டியை இடையில் வைத்து, தொற்று அடங்கியபின் புதிய மூட்டைப் பொருத்துவர். இடுப்பு மூட்டுத் தொற்றுக்குள்ளான 140 பேரை வைத்துப் பிரித்தானியாவிலும் சுவீடனிலும் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு, பதினெட்டு மாதங்களின்பின் வலியிலும் நடமாட்டத்திலும் இரு முறைகளுக்கிடையே வேறுபாடில்லை என்றது. அவ்வாறாயின், தகுந்த நோயாளியை இருமுறை கத்திக்கு உள்ளாக்குவானேன் என்ற கேள்வி நியாயமானதே.

மருந்துகளில் தனித்துக் குறிப்பிடவேண்டியது, காசநோய்க்கென நாம் அறிந்திருக்கும் ரிபாம்பிசின். ஸ்டெபிலோகொக்கஸ் கிருமிகளின் படலத்தினுள் ஊடுருவவல்ல இதனைத் தனியே கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி விரைவில் உருவாகும் என்பதால், வேறொரு மருந்துடன் சேர்த்தே கொடுப்பர். நாளத்தினூடாக வாரக்கணக்கில் மருந்தேற்றவேண்டுமென்ற பழைய எண்ணமும் தளர்ந்துள்ளது. என்பு, மூட்டுத் தொற்றுடைய 1,054 பேரிடம் பிரித்தானியாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வாய்வழி மாத்திரை பின்தங்கவில்லை. ஆனால் காலத்தைக் குறைப்பது வேறு விடயம். 2021இல் வெளியான பிரான்ஸ் ஆய்வில், ஆறு வார சிகிச்சை பெற்றோரில் 18 வீதமானோரிடமும், பன்னிரண்டு வாரம் பெற்றோரில் 9 வீதமானோரிடமும் தொற்று நீங்காதிருந்தது.

இத்தனைக்கும் அடிப்படை, எந்தக் கிருமி என்று அறிவதே. அதற்காக மூட்டின் திரவத்தையும், சத்திரசிகிச்சையின்போது ஐந்தாறு இடங்களிலிருந்து இழையத்தையும் எடுத்து வளர்ப்புச் சோதனை செய்வர். இங்கேதான் எமது மக்களின் பழக்கமொன்று குறுக்கே வருகின்றது. செயற்கை மூட்டு வீங்கிச் சிவந்தால், அல்லது தழும்பிலிருந்து நீர் கசிந்தால், அருகிலுள்ள மருந்தகத்தில் மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகின்றனர். அந்த மாத்திரை கிருமியை ஒழிப்பதில்லை; சோதனையில் அகப்படாதபடி ஒளித்துவைக்கின்றது. குருதி நஞ்சாகும் அவசரநிலை இல்லாவிடின், மாதிரி எடுக்கும்வரை நிபுணர்களே மருந்தை நிறுத்திவைப்பது வழக்கம். மூட்டைப் பொருத்திய சத்திரசிகிச்சைப் பிரிவுக்கே முதலில் செல்லவேண்டும்.

முதுமையாலோ வேறு நோய்களாலோ மீண்டும் சத்திரசிகிச்சையைத் தாங்கவியலாதவர்களுக்கு, கிருமியை அடக்கிவைக்கும் மாத்திரைகளை நீண்டகாலம், சிலவேளை ஆயுள்வரை கொடுப்பர். மூட்டை அசையாதபடி இறுகப் பொருத்திவிடுவதும், அதற்கும் வழியில்லாதபோது காலை அகற்றுவதும் எஞ்சியுள்ள வழிகளாகும்.